மத்தேயு 24: நடந்து முடிந்ததா, இனிமேல்தானா?

பைபிளின் மத்தேயு நற்செய்தி 24-ஆம் அதிகாரத்தில் எருசலேம் ஆலயத்தின் அழிவையும் தம் வருகையையும் இயேசு முன்னறிவிக்கிறார். இவையெல்லாம் நடக்கும் முன்னே "இந்தச் சந்ததி ஒழிந்துபோகாது" என்று 34-ஆம் வசனத்தில் அவர் சொன்னது யாரைப் பற்றி? அன்று எதிரே இருந்து கேட்டவர்களைப் பற்றித்தான் என்பது ஒரு சாரார். கி.பி. 70-இல் தீத்துவின் ரோமப் படை எருசலேம் ஆலயத்தை அழித்தது. மேலிருந்து தள்ளிவிட்ட பெருங்கற்கள் மேற்கு மதிலடியில், நொறுங்கிய தெருவின்மேல் இன்றும் குவிந்து கிடக்கின்றன. 'ஒரு கல்லின்மேல் ஒரு கல்லிராது' என்று ஆலயத்தைப் பற்றி இயேசு சொன்னதற்கு இதைவிட நேரடிப் பொருள் வேண்டுமா?

சரி, 30-ஆம் வசனம்? மனுஷகுமாரன் (இயேசு தம்மைக் குறிக்கும் பெயர்) மேகங்கள்மேல் வருவதைக் காண்பார்களே! அது இனிமேல்தான், சந்ததி என்றால் கடைசிக் காலத் தலைமுறை என்பார்கள் மற்றவர்கள்.

ஆலயம் பற்றியது நிறைவேறிவிட்டது, வருகை இன்னும் இல்லை என்றே எனக்குப் படுகிறது. வருகைக்கு நாள் குறிப்பதை மட்டும் ஏற்க முடியாது. 1844 அக்டோபர் 22-இல் அமெரிக்காவில் வில்லியம் மில்லரின் இயக்கத்தார் அப்படிக் குறித்த நாளில் இயேசுவின் வருகைக்காகக் காத்திருந்து, அவர் வராததால் விடியும்வரை அழுதார்கள்.