குடலிறக்கம்: திறந்த அறுவையா, லேப்ராஸ்கோப்பியா?

குளச்சலில் மீன்கூடை தூக்குபவரும் குலசேகரத்தில் ரப்பர் பால் சுமப்பவரும் தொடையிடுக்கில் வீக்கம் கண்டதும் கேட்பது இதைத்தான். லேப்ராஸ்கோப்பி என்பது சிறு துளைகள் வழியே கேமரா விட்டுச் செய்யும் அறுவை. இரண்டிலும் குடல் பிதுங்கும் வயிற்றுச் சுவரின் பலவீனமான இடத்தை மெஷ் எனும் செயற்கை வலை வைத்துத்தான் பலப்படுத்துவார்கள்.

மயக்கம்: திறந்த முறைக்கு முதுகில் ஊசி, சிலருக்கு அந்த இடம் மட்டும் மரத்தால் போதும், லேப்ராஸ்கோப்பிக்குப் பெரும்பாலும் முழு மயக்கம்.

காயம்: திறந்த முறையில் ஒரே வெட்டு, லேப்ராஸ்கோப்பியில் மூன்று சிறு துளைகள், வலி குறைவு, வேலைக்குச் சீக்கிரம் திரும்பலாம்.

செலவு: பொதுவாகத் திறந்தது குறைவு.

இருபுறமும் இறங்கியிருந்தால், அல்லது திறந்து செய்தது மறுபடி வந்தால் லேப்ராஸ்கோப்பிதான் நல்லது. இதய, நுரையீரல் நோயுள்ள முதியவருக்குத் திறந்த முறையே பாதுகாப்பு.

படுத்தும் உள்ளே போகாமல் வீக்கம் கெட்டியாகி, வலியும் வாந்தியும் வந்தால் ஒப்பிட்டுக்கொண்டிருக்காதீர்கள். சிக்கிய குடலுக்கு ரத்த ஓட்டம் நின்று சில மணி நேரத்தில் அழுகத் தொடங்கிவிடும்; உடனே ஆசாரிபள்ளம் அரசு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.