லூட் பாக்ஸா, பேட்டில் பாஸா?

2016இல் வந்த ஓவர்வாட்ச் வீடியோ விளையாட்டில் லெவல் ஏறினால், உள்ளே என்ன இருக்கும் என்று தெரியாத பரிசுப் பெட்டியான லூட் பாக்ஸ் இலவசமாகக் கிடைத்தது. பொறுமை இல்லாவிட்டால் காசுக்கும் கிடைத்தது. திறந்தால் நான்கு பொருட்கள். ஆசைப்பட்ட ஸ்கின் (பாத்திரத்தின் புதுத் தோற்றம்) வராமல், ஏற்கெனவே வைத்திருக்கும் ஸ்ப்ரே (சுவரில் அடிக்கும் படம்) மறுபடி வந்து விழுந்தால் வயிறு எரியும். காசு வாங்கிக்கொண்டு குலுக்கல் நடத்துவது சூதாட்டம்தான். பெல்ஜியமும் 2018இல் அப்படித்தான் சொன்னது.

2022இல் வந்த ஓவர்வாட்ச் 2, பேட்டில் பாஸுக்கு மாறியது: ஒரு சீசனுக்குள் ஆட ஆடப் படி ஏறி, படிக்குப் படி பரிசு வாங்கும் முறை. என்ன கிடைக்கும் என்று முன்கூட்டியே தெரிவது நியாயம். ஆனால் புதிதாகச் சேர்ந்தவர்கள் காசு கொடுக்காவிட்டால், கிரிகோ என்ற ஹீரோவுக்காக (ஆடுவதற்கான பாத்திரம்) 55ஆம் படிவரை ஏற வேண்டியிருந்தது. ஆடுபவர்கள் கொதித்தார்கள், 2024இல் ஹீரோக்களை எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள்.

சரி, எனக்கு எது? பேட்டில் பாஸ்தான், சீசனோடு காலாவதியாகாமல் இருந்தால்.