ஓலைப்பெட்டியை ஆன்லைனில் விற்ற அனுபவம்

திசையன்விளைப் பக்கம் எங்கள் வீட்டில் சித்தியும் மதினியும் நானும் பனையோலைப் பெட்டி முடைகிறோம். போட்டோ எடுப்பது, ஆர்டர் பேசுவது, பார்சல் போடுவது எல்லாம் என் பொறுப்பு. பெரிய விற்பனைத் தளம் ஒன்று, இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் பிசினஸ் மூன்றையும் சில வருடமாகப் பயன்படுத்தி வருகிறேன். கைவேலை தெரிந்த பெண்கள் பலர் இதைப் பற்றிக் கேட்பதால் எழுதுகிறேன்.

விற்பனைத் தளம், ஒரே மாதிரி சரக்கு குவித்து வைத்திருப்பவர்களுக்குத்தான் தோது. எங்களுக்கு ஒரு சட்டி சாயத்துக்கும் அடுத்த சட்டிக்கும் சிவப்பு கொஞ்சம் மாறத்தான் செய்யும். படத்தில் பார்த்த நிறம் இல்லை என்று ஒரு பெட்டி திரும்பி வந்தது, அதுவும் நசுங்கி. கமிஷன் போக முடைந்த கைக்கு மிஞ்சுவதும் கம்மி. இன்னொன்று, 2023 அக்டோபர் 1 முதல், விற்பனை ஜிஎஸ்டி வரம்பைத் தாண்டாத சிறு வியாபாரிகள், ஜிஎஸ்டி பதிவு செய்யாமல் ஒரு சேர்க்கை எண் (என்ரோல்மென்ட் நம்பர்) மட்டும் வாங்கித் தளங்களில் பொருள் விற்கலாம். நல்ல ஏற்பாடுதான், ஆனால் சொந்த மாநிலத்துக்குள் மட்டும். எங்களிடம் ஆசையாகக் கேட்பவர்களோ பெங்களூரிலும் மும்பையிலும் இருக்கிற நம்ம ஊர்க்காரர்கள்.

ஆளைக் கூட்டி வருவது இன்ஸ்டாகிராம். அலங்காரமாக வைத்து எடுத்த படத்தை விட, சித்தி குருத்தோலையில் ஈர்க்கை உரித்துவிட்டு, அளவுகோல் இல்லாமலே ஒரே அகலத்துக்கு ஓலையை வகிர்ந்துகொண்டு போகிற வீடியோதான் அதிகம் ஓடும். பின்னணிப் பாட்டு கூட வேண்டாம், ஓலை கிழிகிற சத்தமே போதும். அப்புறம், பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு காப்பி டம்ளரை வைத்துப் படம் எடுங்கள். எட்டு இஞ்ச் என்று எழுதினால் யார் மனசிலும் பதியாது. டம்ளரைப் பார்த்தால் அளவு பிடிபட்டுவிடும்.

வியாபாரம் முடிவது வாட்ஸ்அப்பில். "அக்கா, மூடி மட்டும் பச்சை வருமா? உள்ளே தேங்காய் அடங்குமா?" என்று தாம்பூலப் பெட்டி கேட்பவர்கள் பேசிப் பேசித்தான் முடிவுக்கு வருவார்கள். கேட்டலாக்கில் விலையோடு எத்தனை நாள் ஆகும் என்பதையும் போட்டுவிட்டால் பாதிப் பேச்சு மிச்சம். பாதிப் பணம் ஜிபேயில் வந்த பிறகுதான் முடைவதற்கு ஓலையை நனைப்போம்.

லாபத்தைத் தின்பது கூரியர்தான். ஓலைப்பெட்டிக்கு எடை கிடையாது, ஆனால் இடத்தை அடைக்கும். நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்து வருவதை எடையாக வைப்பது பல கூரியர்களின் வழக்கம். 30, 25, 20 அளவுள்ள அட்டைப்பெட்டி 3 கிலோ ஆகிவிடும். உள்ளே இருப்பது அரைக் கிலோ கூட இருக்காது. அதனால்தான் ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் அடுக்குப்பெட்டியை முன்னால் வைத்து விற்கிறோம். மூன்று பெட்டி, ஒரு பெட்டியின் கூரியர் கூலி. வாங்குகிறவர்களுக்கும் அதுதான் பிடிக்கிறது.

இதில் எந்த ஆப்பும் தீர்க்க முடியாத சிக்கல் மழை. தீபாவளி ஆர்டர் குவிகிற ஐப்பசியில்தான் வடகிழக்குப் பருவமழையும் வரும். பச்சை ஓலை காயாது, காயாத ஓலையில் முடைந்தால் பூஞ்சை பிடிக்கும். பிளாஸ்டிக் கவரில் சுற்றி அனுப்பினால் இன்னும் மோசம். காகிதத்தில் சுற்றித்தான் அனுப்ப வேண்டும். பனையேறுகிற அண்ணாச்சிகளும் குறைந்துவிட்டதால், நினைத்த நேரத்தில் குருத்தோலை கிடைக்காது. ஆடி, ஆவணி வெயிலிலேயே வெட்டிக் காயவைத்து, சாயமும் ஏற்றிக் கட்டி வைத்துவிட வேண்டும். எத்தனை கட்டு இருக்கிறதோ அத்தனைக்குத்தான் ஆர்டர். புரட்டாசி கடைசியோடு தீபாவளிக்கு ஆர்டர் வாங்குவதை நிறுத்திவிடுவோம். "ஒண்ணே ஒண்ணு" என்று எவ்வளவு கெஞ்சினாலும் தை மாதத் தேதிதான் கொடுக்கிறேன். அதற்கும் சரி என்று காத்திருந்து வாங்குகிறார்கள்.