கட்டிங்கா, ரெயினிங்கா?

அமெரிக்கக் கௌபாய் பாணிக் குதிரை விளையாட்டுகளைப் புதிதாகப் பார்ப்பவர்களுக்குச் சட்டென்று பிடித்துப்போவது ரெயினிங்தான். நாலுகால் பாய்ச்சலில் வரும் குதிரை பின்னங்கால்களை வயிற்றுக்கடியில் இழுத்து, உட்கார்ந்தாற்போல் சறுக்கி நிற்கும். முன்னங்கால்கள் மட்டும் நடந்துகொண்டே இருக்கும். மணல் புகையாக எழும்பும். மந்தையிலிருந்து ஒரு மாட்டைப் பிரித்து, அது திரும்பி ஓடாமல் மறிக்கும் கட்டிங்கில் இந்த வாணவேடிக்கை கிடையாது. இருந்தும் என் ஓட்டு கட்டிங்குக்குத்தான்.

காரணம், அதில் இன்னும் மாடு இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் டெக்சாஸின் மேய்ச்சல் வெளிகளில் வேலி கிடையாது. பல பண்ணைகளின் மாடுகள் கலந்தே மேயும். அவற்றை வளைத்துச் சேர்த்து, சூட்டுக்குறி பார்த்து, அவரவர் மாட்டைப் பிரித்தெடுக்க வேண்டும். பிரித்த மாடோ எப்படியாவது மந்தைக்குள் திரும்பி ஓடத்தான் பார்க்கும். அதை மறிக்கத் தெரிந்த குதிரைக்குப் பண்ணையில் தனி மரியாதை. 1898-இல் ஹாஸ்கெல் என்ற ஊரில் பரிசுப் பணம் வைத்து நடந்த போட்டியில் ஜெயித்த ஓல்டு ஹப் என்ற குதிரைக்கு அப்போது வயது 22!

இன்றைய போட்டியிலும் அதே வேலைதான். நேரம் இரண்டரை நிமிடம். குதிரை மந்தைக்குள் சத்தமில்லாமல் நடந்து போய் ஒரு மாட்டை வெளியே கொண்டுவரும். உடனே வீரர் கடிவாள வாரைப் பிடித்த கையைக் கழுத்தருகே தாழ்த்திவிடுவார். அதற்குப் பிறகு வாரை இழுத்து வழிகாட்டினால் புள்ளி போகும். மாட்டைத் தப்பவிட்டால் 5 புள்ளி. குதிரை தலையைத் தாழ்த்தி மாட்டின் கண்ணையே பார்க்கும். மாடு இடப்பக்கம் தோளைச் சாய்க்கும்போதே குதிரை அங்கே போயிருக்கும். மேலே இருப்பவர் சேணத்தின் கொம்பைப் பிடித்துக்கொண்டு விழாமல் இருந்தால் போதும் என்றே தோன்றும். குதிரையை இவ்வளவு நம்பும் விளையாட்டு எனக்குத் தெரிந்து வேறில்லை.

ரெயினிங்கும் பண்ணையில் பிறந்ததுதான். மாடு திடீரென்று திரும்பினால் கூடவே திரும்பவும், பாய்ச்சலில் இருந்து நிற்கவும் வேண்டிய தேவையில்தான் அந்தச் சறுக்கலும், நின்ற இடத்திலேயே சுற்றும் சுழலும் வந்தன. இப்போது மாடு போய்விட்டது. வரிசை மாறாத அசைவுகள் மட்டும் மிச்சம். 70 புள்ளியில் தொடங்கி, ஒவ்வோர் அசைவுக்கும் ஒன்றரை வரை கூட்டுவார்கள் அல்லது கழிப்பார்கள். நீளமாகச் சறுக்குவதற்கென்றே பின்கால்களில் அகலமான, வழுவழுப்பான லாடம் அடிக்கிறார்கள். பாறைச் சரிவில் மாடு மடக்கப் போகும் குதிரைக்கு யாரும் அதை அடிக்க மாட்டார்கள்.

ஆனால் பழக நினைப்பவருக்கு ரெயினிங்கைத்தான் சொல்வேன். ஒரு குதிரை, நல்ல மணல் தளம், சொல்லிக்கொடுக்க ஆள் இருந்தால் தொடங்கிவிடலாம். கட்டிங்குக்கு மந்தை வேண்டும். பழகிச் சலித்த மாடு குதிரையோடு மல்லுக்கட்டாது என்பதால் அடிக்கடி புது மாடும் வேண்டும். போட்டியில் ஒருவருக்குத் துணையாக இன்னும் 4 குதிரை வீரர்கள் களத்தில் நிற்பார்கள். ரெயினிங் கடல் தாண்டியதற்கும், 2002 முதல் 2018 வரை உலகக் குதிரையேற்ற விளையாட்டுகளில் இடம்பெற்றதற்கும் இந்தச் சுலபம் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

இரண்டையும் விட மனமில்லாதவர்கள் கலிபோர்னியாவின் ரெயின்டு கௌ ஹார்ஸ் போட்டியைப் பாருங்கள். மந்தையில் பிரிப்பதும் உண்டு, வெறுங்களத்தில் சறுக்குவதும் உண்டு. கடைசியில் ஒற்றை மாட்டை அவிழ்த்துவிட்டு, வேலியோரமாகத் துரத்தி, முந்திப் போய் மடக்கித் திருப்ப வேண்டும். முழு வேகத்தில்.