ஸ்கார்ம் 1.2, ஸ்கார்ம் 2004, எக்ஸ்ஏபிஐ, சிஎம்ஐ5: கோர்ஸ எதுல கட்டுறது?

இன்டராக்டிவ் கோர்ஸ் பண்றவங்க பாதிப்பேரு கோர்ஸும் எல்எம்எஸ்ஸும் (கோர்ஸ ஓட்டி, யாரு முடிச்சாங்க, என்ன மார்க்குன்னு பதிஞ்சு வைக்கிற சாஃப்ட்வேர்) பேசிக்கிற ஸ்டாண்டர்ட, அதாவது மேல சொன்ன நாலுல ஒண்ண, கடைசி வாரம் பப்ளிஷ் செட்டிங்ல பாத்துக்கலாம்னு விட்டுடுறாங்க, அங்கதான் வம்பே ஆரம்பிக்குது.

ஸ்கார்ம் 1.2 வந்தது 2001ல. இன்னிக்கும் அது ஓடாத எல்எம்எஸ்ஸ தேடித்தான் பிடிக்கணும், அதுக்காகவே எல்லாரும் அதுல கிடக்குறாங்க. ஆனா ஆளு எங்க விட்டாரு, என்ன பதில் போட்டாருன்னு சேத்து வைக்கிற சஸ்பெண்ட் டேட்டாவுக்கு மொத்தமே 4096 எழுத்துதான். நாலு ஸ்லைடு ஒரு குவிஸ்னா தாராளம், பிரான்ச்சிங் சினாரியோ (பதிலப் பொறுத்து வழி பிரியுற கதை), சிமுலேஷன்னு போட்டு ஒவ்வொரு க்ளிக்கையும் ஜேசனா (டேட்டாவ எழுத்தா எழுதுற ஒரு ஃபார்மட்) கொட்டுனீங்கன்னா ரொம்பிடும், சில எல்எம்எஸ் எரர் குடுக்கும், சிலது சத்தமே இல்லாம வால வெட்டிடும், மறுநாள் வந்த ஆளு முதல் ஸ்லைடுல நிப்பாரு. இன்னொரு தொல்லை, முடிச்சாரா, பாஸானாரா ரெண்டுக்கும் ஒரே ஸ்டேட்டஸ் ஃபீல்டு.

ஸ்கார்ம் 2004 இந்த ரெண்டையும் தனித்தனியா பிரிச்சுது, 3வது எடிஷன்ல இடமும் 64,000 எழுத்தாச்சு. சீக்வென்சிங் ரூல்ஸ் (எந்தப் பகுதிக்கு அப்புறம் எதுன்னு எல்எம்எஸ்ஸுக்குச் சொல்றது) மட்டும் தொடாதீங்க, எல்எம்எஸ்ஸுக்கு எல்எம்எஸ் வேற மாதிரி நடந்துக்கும், மூடுல்ங்கற எல்எம்எஸ்ல 2004க்கு முழு சப்போர்ட்டே கிடையாது. நேவிகேஷன கோர்ஸுக்குள்ளயே வச்சுக்கிறது நிம்மதி.

எக்ஸ்ஏபிஐ (1.0 வந்தது 2013) வேற ரகம். யாரு, என்ன செஞ்சாரு, எதுலன்னு ஒரு ஸ்டேட்மென்ட்டா எல்ஆர்எஸ்ஸுக்கு (இந்த ஸ்டேட்மென்ட்டெல்லாம் சேத்து வைக்கிற இடம்) அனுப்புது, மொபைல் ஆப்ல இருந்து கூட அனுப்பலாம். கேக்க நல்லாருக்கு. ஆனா எல்எம்எஸ் கோர்ஸ எப்படித் திறக்கணும், எத வச்சு முடிஞ்சதுன்னு எடுத்துக்கணும்னு அது சொல்றதே இல்ல, ஆளுக்கொரு வெர்ப் (என்ன செஞ்சாருன்னு சொல்ற வார்த்தை) அனுப்பிட்டு ரிப்போர்ட் எடுக்கும்போது முழிக்க வேண்டியதுதான். எல்ஆர்எஸ் கீய (உள்ள நுழையுற பாஸ்வேர்ட் மாதிரி) கோர்ஸோட ஜாவாஸ்கிரிப்ட்ல எழுதி வைக்கிறவங்களும் இருக்காங்க, யாரு வேணா சோர்ஸ திறந்து எடுத்துக்கலாம்!

2016ல வந்த சிஎம்ஐ5 இந்த ஓட்டையத்தான் அடைக்குது: லாஞ்ச் முறை (கோர்ஸ எப்படித் திறக்கணும்னு), ஒரு தடவ மட்டும் டோக்கன் (அனுமதிச் சாவி) தர்ற யூஆர்எல், முடிச்சதுக்கும் பாஸுக்கும் நிலையான வெர்ப், கன்டென்ட் வேற சர்வர்ல இருந்தாலும் ஓடும். என் ஓட்டு இதுக்குத்தான், கிளையன்ட்டோட எல்எம்எஸ் சப்போர்ட் பண்ணா. பண்ணலேன்னா 1.2தான், டேட்டாவ சுருக்கி வச்சு பொழச்சுக்கலாம்.

எது எடுத்தாலும் மார்க் பிரவுசர்லதான் கணக்காகுதுன்னா பிரவுசரோட கன்சோல்ல (கோட் எழுதி ஓட்டுற இடம்) வேலை தெரிஞ்சவன் நூத்துக்கு நூறு வாங்கிடுவான், அதனால சர்டிபிகேட் எக்ஸாம மட்டும் தனியா சர்வர்ல திருத்துங்க.