பேரப்பிள்ளை அரசுப் பராமரிப்பில்: பேசிப் பார்ப்பதா, வழக்குப் போடுவதா, வளர்க்கக் கேட்பதா?

பிள்ளை அரசின் நிரந்தரப் பராமரிப்புக்குப் போய்விட்டது என்று ஆணை வந்த பிறகு, தாத்தா பாட்டிக்கு முன்னால் இருப்பவை முக்கியமாக மூன்று வழிகள். அதிகாரிகளோடு பேசிச் சந்திப்புக்கு ஏற்பாடு செய்வது, நீதிமன்றத்தில் சந்திப்பு ஆணை கேட்பது, பிள்ளையை நாங்களே வளர்க்கிறோம் என்று பொறுப்புக் கேட்பது. பலர் நேராக வக்கீலிடம் ஓடுகிறார்கள். அந்தக் கோபம் நியாயமானதுதான். ஆனாலும் முதல் வழியை ஒழுங்காக முயன்று பார்க்காமல் மற்ற இரண்டுக்கும் போக வேண்டாம் என்பதே என் கட்சி.

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். இங்கிலாந்தை எடுத்துக்கொள்வோம். அங்கே 1989ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டம், 34ஆம் பிரிவு, பராமரிப்பில் உள்ள பிள்ளையைப் பெற்றோர் நியாயமான அளவு சந்திக்க வழி செய்கிறது. தாத்தா பாட்டிக்கு அந்த இடம் இல்லை. மனுப் போடவே முதலில் நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். பிள்ளையோடு எவ்வளவு நெருக்கம், இந்த வழக்கால் அதன் வாழ்க்கை குலையுமா என்றெல்லாம் அப்போதே பார்ப்பார்கள். சந்திப்பு மனு தள்ளுபடியானால், நீதிமன்றம் தனியாக அனுமதித்தால் ஒழிய ஆறு மாதத்துக்கு மறுபடி கேட்க முடியாது. பிள்ளைக்கு அந்த ஆறு மாதம் மிக நீளம்.

பேச்சு என்றால் கெஞ்சல் இல்லை. உறவினரோடு தொடர்பை வளர்க்க முயல வேண்டியது அதிகாரிகளின் கடமை என்று அதே சட்டம் சொல்கிறது. பிள்ளையின் நலனுக்குப் பொருந்த வேண்டும், நடைமுறைக்கும் ஒத்துவர வேண்டும், அவ்வளவுதான். பராமரிப்புத் திட்டத்தை அவர்கள் அவ்வப்போது மறுஆய்வு செய்வார்கள். அந்தக் கூட்டத்துக்கு முன்பே கடிதம் போய்ச் சேர வேண்டும். கேட்பது சின்னதாக இருக்கட்டும்: ‘மாதம் ஒரு முறை, ஒரு மணி நேரம், உங்கள் ஆள் ஒருவர் கூடவே இருக்கலாம்’ என்று. ‘எங்கள் உரிமை’ என்று தொடங்கும் கடிதத்தைவிட, ‘இவள் இரண்டு வயது முதல் எங்கள் வீட்டில்தான் தூங்கினாள், எங்கள் குரல் அவளுக்குப் பழக்கம்’ என்று சொல்லும் கடிதத்துக்கு வலு அதிகம். குடும்பத்தார் எல்லோரும் உட்கார்ந்து திட்டம் போடும் குடும்பக் கூட்டத்தையும் கேட்டுப் பாருங்கள். நியூசிலாந்து 1989இலேயே அதைச் சட்டமாக்கியது. பிறகு பல நாடுகளுக்குப் பரவியது.

இந்த வழிக்கு ஒரு பெரிய ஓட்டை உண்டு. வாய்மொழியாகச் சொன்னது யாரையும் கட்டாது. சமூகப் பணியாளர் மாறினால் வாக்குறுதியும் போய்விடும். நீதிமன்ற ஆணையின் பலம் இங்கேதான்: யார் வந்தாலும் போனாலும் அது நிற்கும். எழுதிக் கேட்டும் பதில் இல்லை, அல்லது நடந்துகொண்டிருந்த சந்திப்பைக் காரணம் சொல்லாமல் நிறுத்திவிட்டார்கள் என்றால் மனுப் போடுங்கள். தத்துக் கொடுக்கும் பேச்சு எழுந்தால் எதற்கும் காத்திருக்க வேண்டாம், அன்றே வக்கீலைப் பாருங்கள். தத்து ஆணை பிறந்த குடும்பத்தோடு உள்ள சட்ட உறவையே அறுத்துவிடும்.

மூன்றாவது வழி வேறு ரகம். இங்கிலாந்தில் சிறப்புப் பாதுகாவலர் ஆணை கிடைத்தால், பராமரிப்பு ஆணை முடிந்து, 18 வயது வரை வளர்க்கும் பொறுப்பு உங்களுடையது. அதற்கு முன் உங்கள் வயது, உடல்நிலை, வீடு எல்லாவற்றையும் அலசுவார்கள். எல்லாவற்றையும்விடக் கடினமான கேள்வி, ‘உங்கள் மகன் ராத்திரி குடித்துவிட்டு வந்து கதவைத் தட்டினால் என்ன செய்வீர்கள்?’ என்பதுதான். பெற்ற மகனை வெளியே நிறுத்த மனம் வருமா என்று உங்களையே கேட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் விண்ணப்பியுங்கள். அரசு ஒப்படைத்திருக்கும் வளர்ப்புக் குடும்பத்தில் பிள்ளை வருடக்கணக்காக வேர்விட்ட பிறகு இதைக் கேட்டால், பிடுங்கி எடுப்பதாகவே தெரியும். பார்க்க முடிந்தால் போதும் என்பவர்கள் வளர்க்கக் கேட்டு நிற்பது, வளர்ப்புப் பெற்றோரை எதிரியாக்கி, கிடைக்கக்கூடிய சந்திப்பையும் கெடுத்துவிடும்.

எந்த வழியானாலும், அனுமதி இருக்கும்வரை பிள்ளைக்குக் கடிதம் போடுவதை நிறுத்தாதீர்கள். ‘நீ இல்லாமல் பாட்டிக்குத் தூக்கமே இல்லை’ என்று எழுதினால் அந்தப் பாரம் பிள்ளை தலையில் விழும். ‘எப்போது வீட்டுக்கு வருவாய்’ என்றும் கேட்க வேண்டாம். அவள் அப்பா சின்ன வயதில் சைக்கிள் பழகி விழுந்த கதையை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் நகல் எடுத்து, தேதி போட்டு வையுங்கள். நாளைக்கு நீதிமன்றத்தில் அனுமதி கேட்க நேர்ந்தால், உறவு விட்டுப்போகவில்லை என்று காட்ட அந்தக் கட்டு உதவும்.