இரண்டு பாக ஸ்டோமா பை: குறை பையிலா, துளையிலா?

குடல் அறுவைக்குப் பிறகு வயிற்றில் ஸ்டோமா (மலம் வெளியேற வயிற்றுத் தோல் வழியே குடலைத் திறந்து வைக்கும் வாய்) வைத்தவர்களுக்கு, மலத்தைச் சேகரிக்க வரும் பைகளில் ஒட்டும் தட்டும் பையும் ஒன்றாகவே இருப்பது ஒரு வகை. தட்டு தனி, பை தனி என்று வந்து நடுவில் வளையத்தால் பூட்டிக்கொள்வது இன்னொரு வகை. இங்கே எடைபோடுவது இந்த இரண்டாவது வகையை.

இதன் நன்மை தோலுக்குத்தான். பையைக் கழற்றும் ஒவ்வொரு முறையும் பிசினை உரிக்க வேண்டியதில்லை. தட்டு மூன்று, நான்கு நாள் இருந்த இடத்திலேயே இருக்கும். அறுவை முடிந்த முதல் நாள்களில் செவிலியருக்கும் வசதி. பையை மட்டும் எடுத்துவிட்டு ஸ்டோமாவை நேராகப் பார்க்கலாம். ஈரப்பசையோடு சிவப்பாகவோ இளஞ்சிவப்பாகவோ இருந்தால் சரி. கருநீலமாகவோ கறுப்பாகவோ மாறினால் அங்கே ரத்த ஓட்டம் குறைகிறது. அடுத்த ரவுண்ட் வரை காத்திராமல் அப்போதே சர்ஜனுக்குத் தெரிய வேண்டும்.

தொல்லை அந்த வளையத்தில். 'டிக்' என்று பூட்டும்வரை அழுத்த வேண்டும், தையல் ஆறாத வயிறு அதைத் தாங்காது. தட்டிலிருந்து சற்றுத் தூக்கி நிற்கும் வளையம் உள்ள மாடலில் விரல்களை அடியில் கொடுத்து அழுத்தலாம். அது கிடைக்காவிட்டால் பையைத் தட்டில் முதலிலேயே பூட்டி, இரண்டையும் சேர்த்து ஒட்டிவிடுவது நல்லது. தட்டின் வளையம் 57 மி.மீ. என்றால் பையும் 57 தான். எண் ஒன்றாக இருப்பதால் வேறு கம்பெனிப் பை பொருந்திவிடும் என்று நம்பி வாங்க வேண்டாம்.

"பை கசிகிறது" என்ற புகாரில் பெரும்பாலும் பையின் தப்பு குறைவு, ஸ்டோமா நுழையத் தட்டில் கத்தரித்த துளையின் தப்பு அதிகம். ஸ்டோமாவின் விளிம்பைவிட 2 முதல் 3 மி.மீ. மட்டும் பெரிதாக வெட்ட வேண்டும். அதற்கு மேல் போனால் மலம் தோலில் படும். சிறுகுடல் ஸ்டோமாவில் வரும் திரவத்தில் செரிமான நொதிகள் இருப்பதால் சில மணி நேரத்திலேயே தோல் வெந்துபோகும். இறுக்கமாக வெட்டினால் ஸ்டோமாவையே அறுக்கும். அங்கே வலி உணர்வு இல்லாததால் நோயாளி சொல்லவும் மாட்டார். அறுவைக்குப் பின் வீங்கியிருக்கும் ஸ்டோமா ஆறு முதல் எட்டு வாரம் வரை சுருங்கிக்கொண்டே வரும். முதல் வாரம் வரைந்த அளவுக் காகிதத்தை இரண்டாம் மாதமும் வைத்து வெட்டுவது அடிக்கடி நடக்கும் பிழை. சுருங்கி முடியும்வரை வாரம் ஒருமுறை அளக்க வேண்டும்.

ஒட்டுமுன் வெறும் வெதுவெதுப்பான நீர் போதும். எண்ணெய்ப் பசையுள்ள சோப்பு, கிரீம் பட்ட தோலில் எந்தத் தட்டும் நிற்காது. ஒற்றி உலர்த்திவிட்டு, தட்டை உள்ளங்கைகளுக்கு நடுவில் சூடாக்கி, ஸ்டோமாவைச் சுற்றி உள்ளிருந்து வெளியே அழுத்தி, ஓரிரு நிமிடம் கையை எடுக்காமல் வைத்திருக்க வேண்டும். உடல் சூட்டில்தான் இந்தப் பிசின் பிடிக்கும். புண்ணான இடத்தில் ஸ்டோமா பவுடரை மெல்லத் தூவி மிச்சத்தைத் தட்டிவிட வேண்டும், கொட்டினால் ஒட்டாது. ஸ்டோமா பேஸ்ட் தோலின் பள்ளத்தை நிரப்பத்தான், பசையாகப் பூச அல்ல. அதில் ஆல்கஹால் கலந்திருந்தால் வெந்த தோலில் சுரீரென்று எரியும்.

மூன்றில் ஒரு பங்கு நிரம்பியதுமே காலிசெய்ய வேண்டும். பாதிக்கு மேல் விட்டால் எடை தட்டை இழுத்து உரிக்கும். வாயு வெளியேறும் கரி ஃபில்டர் நனைந்தால் அடைபட்டுப் பை பலூனாகும். இரண்டு பாகப் பையில் வளையத்தை ஓரத்தில் சற்றே திறந்து காற்றை விட்டுப் பூட்டலாம். ஊசியால் குத்துகிறவர்கள் நாற்றத்தையும் சேர்த்து வெளியே விடுகிறார்கள்.

மருத்துவமனையில் ஒளி ஊடுருவும் பையே வேண்டும். தோல் நிறப் பை வீட்டுக்குப் போனபின் இருக்கட்டும். சிறுகுடல் ஸ்டோமாவில் நாளுக்கு 1.5 லிட்டருக்கு மேல் போனால் நீரும் உப்பும் வற்றும் அபாயம். அளவுக் கோடிட்ட பை அதைப் பார்த்தவுடனே காட்டும்.

மடிப்பு விழுந்த வயிற்றுக்கு இந்த விறைப்பான வளையம் ஒத்துவராது, குனிந்தால் ஓரம் கிளம்பும். அவர்களுக்கு வளைந்து கொடுக்கும் ஒரே பாகப் பையே மேல். விரல் மூட்டு வாதத்தால் பூட்டை அழுத்த முடியாதவர்களுக்கும் அதுதான்.